நாலும் நாலும் எட்டு, அதற்கு மேல் இல்லை

அன்னூர் தோட்டத்து வீட்டுக் கூடத்தில் இரண்டு பவானி ஜமுக்காளங்களை விரித்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் தாய்மாமா பொன்னுசாமி. வலது ஜமுக்காளத்தின் மேல் பிரிட்ஜ் நின்றது. இடது ஜமுக்காளத்தின் மேல் டிவி. வலதில் கிரைண்டர், இடதில் மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும். பிரிட்ஜை எதற்காக ஜமுக்காளத்தின் மேல் தூக்கி வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாமா சொன்னார், நாலு பேர் தூக்கி வைத்தார்கள்.

எங்கள் பக்கம் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தனக்கு எது மிஞ்சும் என்று தெரியாததால் வைக்கிறவன் ஒழுங்காக வைப்பான் என்று ஒரு நம்பிக்கை. நிலத்தைக் காலையிலேயே அப்படிப் பிரித்து முடித்திருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு சாமான்களுக்கு வந்திருந்தோம்.

மூத்தவன் நான். என் தம்பி குமார் மூன்று வயது இளையவன். சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, நான் எதை எங்கே வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் கல்யாணமாகியிருந்தது. பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

கடைசியாக அலமாரியின் மேலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கினார்கள்.

"இதென்ன சாமி?" என்றார் மாமா.

"கேம் ஆடற பெட்டிங் மாமா."

"இதுக்கு ஜோடி எங்க?"

"ஜோடி இல்லீங்."

"ஜோடி இல்லாம வெக்கப்படாது. ரெண்டாப் பண்ணு."

பண்ணினேன். பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து, உள்ளே செருகியிருந்த சிவப்பு மூடி போட்ட டப்பாவை நெம்பி எடுத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பெட்டியையும் அதற்குள் செருகியிருந்த ஆட்டக் காட்ரிட்ஜையும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு டப்பாவை டிவியின் பக்கத்தில் வைத்தேன். மாமா இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டினார்.

குமார் இடது ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டான். டிவியைத் தூக்க ஆள் கூப்பிடும் முன், குனிந்து அந்த டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் நாங்கள் பேசவில்லை.

டப்பாவுக்கு என்ன வேலை

இந்தத் தொடரில் மோட்டார், பம்ப், வால்வு தவிர வேறொன்றும் வராதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த வாரம் வருகிறது. மோட்டாரும் வருகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

பீளமேட்டில் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒன்றுவிட்ட அண்ணன் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. குமார் அப்போது பிளஸ் ஒன். பெட்டிக்குள் நாலு எம்.பி. நினைவகம். இன்று என் மனைவி கோமதி காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற செம்பருத்திப் பூ ஒன்றுக்கே அது பத்தாது. அன்றைக்கு அதற்குள் ஒரு கடலும் மூன்று மலையும் ஓடின.

சில ஆட்டங்களுக்கு நாலு போதவில்லை. அதற்காக இன்னொரு நாலு எம்.பி.யைத் தனி டப்பாவில் போட்டு விற்றார்கள். அதுதான் சிவப்பு மூடி. அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு வெற்று டப்பாவைச் செருகிக்கொண்டு சாதாரண ஆட்டங்களை ஆடலாம். எங்களுக்குப் பிடித்த ஆட்டம் மட்டும் சிவப்பு டப்பா இல்லாமல் ஓடாது. போட்டால் டிவியில் அந்த டப்பாவின் படம் வரும். தயவுசெய்து இதைச் செருகவும் என்று கீழே ஒரு வரி வரும். எங்கள் மின்வாரிய அறிவிப்புகளைவிட மரியாதையாக இருக்கும்.

ஆட்டம் இதுதான். ஒரு தீவு. அதில் நூறு சாவிகள். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தால் மலையடிவாரத்தில் ஒரு பெரிய கதவைத் திறக்கலாம். குமாரும் நானும் முறை போட்டுக்கொண்டு ஆடினோம். தண்ணீருக்குள் இருக்கும் சாவிகள் அவனுக்கு, ஏறிக் குதித்து எடுப்பவை எனக்கு. இரண்டு வருஷத்தில் நூறையும் சேர்த்துக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சேவ் பண்ணி வைத்தோம்.

கதவைத் திறக்கவில்லை. அந்த வாரம் அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனான். நான் வரும் வரைக்கும் தொறக்காதீங்ணா என்றான். திறக்கவில்லை. அவன் லீவுக்கு வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். நான் இருந்தபோது அவன் இல்லை. இரண்டு பேரும் இருந்தபோது கரண்ட் இல்லை. பிறகு கல்யாணம், அப்பாவின் காரியம், பிறகு மோட்டார்.

பன்னிரண்டரை எச்.பி.

நான் பம்ப் செட் விற்கிறவன். எங்கள் ஊர் விவசாயி கடைக்கு வந்தால், ஏழரை எச்.பி. போதுங்க என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். பத்துப் போட்டுக்கலாமுங் என்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பத்துப் போட்டிருந்தால் பன்னிரண்டரை என்பார். அத்தனை பேருக்கும் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னவன் நான். எங்கள் சொந்தத் தோட்டத்துக்கு வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

அப்பா காலத்து போர்வெல்லில் ஏழரை எச்.பி. மோட்டார் ஒழுங்காகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. தென்னைக்குப் போதும். வாழையும் போடலாம் என்று எனக்கு ஆசை. குமார் வேண்டாம் என்றான்.

"போர்ல ஊறறது ஊறறதுதானுங்ணா. மோட்டாரப் பெருசாக்குனா ஊத்து பெருசாகிருமுங்ளா?"

அவன் சொன்னது சரி. சரியாகச் சொன்னான் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஊரில் இல்லாத வாரம் பார்த்துப் பன்னிரண்டரையை இறக்கினேன். பத்து நாள் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது. பதினோராம் நாள் போர் வற்றி, மோட்டார் வெறுமனே ஓடிக் காந்திப்போனது. மேலே இழுக்கும்போது பைப் உடைந்து, மோட்டாரோடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. போரே போயிற்று. அந்தக் கோடையில் தென்னைகள் வரிசையாகக் கொண்டை சாய்ந்தன.

குமார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், முடிந்திருக்கும். "பிரிச்சுக்கலாமுங்ணா" என்று மட்டும் சொன்னான்.

அதனால் அன்றைக்கு ஜமுக்காளத்தில் நான் அந்தப் பெட்டியை இரண்டாக்கியதற்கு மாமா சொன்னது மட்டும் காரணம் என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. கேம் பெட்டியை முழுசாக வைத்து, எதிரே ஒரு மின்விசிறியை ஜோடியாக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எதை எடுத்தாலும் நான் இல்லாமல் அவனுக்கு அது ஓடக் கூடாது என்று நினைத்தேன். கெட்ட எண்ணம்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

செலின் கடை

குமார் பெருந்துறைக்குப் போய், தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற லேத் மெஷின்கள் போட்டு நன்றாகவே இருந்தான். இதெல்லாம் அவர் இவர் சொல்லித் தெரியும். போன மாதம் கோமதி சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"குமாரு குடும்பத்தோட ஆஸ்திரேலியா போறாங்களாமுங்க. வித்யாவுக்கு அங்க ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருச்சாம். மாசக் கடைசில கெளம்பறாங்க. மெஷினெல்லாம் வித்துப்போட்டாராம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"வித்யாதான். வாரவாரம் பேசறதுதானுங்க."

பதினைந்து வருஷமாக என் மனைவியும் அவன் மனைவியும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாங்க என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் தம்பியைப் பார்க்கப் போகாமல், பரணில் இருந்த கேம் பெட்டியை இறக்கித் துடைத்தேன். எனக்கு ஒரு யோசனை. பெட்டியை முழுசாக ஓடுகிற மாதிரி செய்து அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அதுவும் அவனிடம் இருக்கிற டப்பாவைக் கேட்காமல். நாலு என்ன நாலு, பதினாறே போட்டுவிடலாம். அதை அவன் பார்க்க வேண்டும்.

பீளமேட்டில் ஒரு சந்துக்குள் செலின் என்பவர் லேப்டாப் போர்டு சரிபார்க்கும் கடை வைத்திருக்கிறார். முன்பு மில்லில் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயது இருக்கும். சுவரில் மாதா படம், மேஜையில் பூதக்கண்ணாடி விளக்கு. பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்.

"எத்தன போடோணுமுங்?"

"பதினாறு."

"எதுக்குங்ணா அத்தன?"

"இருக்கட்டுமுங்க."

செலின் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த ஊரில் தொழில் செய்கிறவர்களுக்கு இந்த பதில் பழக்கம். பழைய சிப்புகளைத் தேடிப் பிடித்து, சின்னப் பலகையில் பற்றவைத்து, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். செருகி சுவிட்சைப் போட்டார். டிவி கறுப்பாக இருந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினார். மறுபடி கறுப்பு. பலகை மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"நான் மொதல்லயே நெனச்சனுங். சொன்னாக் கேக்க மாட்டீங்கன்னு செஞ்சுபோட்டேன்," என்றார். "உள்ள நாலு, வெளிய நாலு. எட்டு வரைக்குந்தான் இது எண்ணும். அதுக்கு மேல கேக்கறதுக்கு இதுக்கு ஒயரே இல்லீங். பத்து ரூம் கட்டிப்போட்டு நாலு ரூமுக்குத்தான் கதவு வெச்சிருந்தா, மிச்ச ரூம்ல யாருங் போயிப் படுக்கறது?"

ஊறறது ஊறறதுதானுங்ணா என்று காதில் கேட்டது.

இரண்டாவதாக ஒன்றும் சொன்னார். அந்த ஆட்டத்தின் காட்ரிட்ஜைப் பிரித்து, உள்ளே ஒரு கறுப்புச் சிப்பை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"நீங்க சேவ் பண்ணுன ஆட்டமெல்லாம் இதுல இருக்குதுங். இதுக்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். செவப்பு டப்பால ஒண்ணுமே தங்காது. அது ஆடற நேரத்துக்கு மட்டுந்தான். சுவிட்ச அமுத்துனா காலி."

நூறு சாவியும் பதினைந்து வருஷமாக என் பரணில்தான் இருந்திருக்கிறது. பக்கத்தில் பழைய கொசுவலை.

"ஒரிஜினல் டப்பா இல்லீன்னாப் பரவால்லீங். அதே மாதிரி நாலு எம்.பி. டப்பா ஆன்லைன்ல வருது. ரெண்டு நாள்ல வந்துரும். சொல்லட்டுங்களா?"

சொல்லுங்க என்று வாயைத் திறந்தேன். வேண்டாங்க என்று வந்தது. செலின் பூதக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டி ஓடுவது எனக்கு முக்கியமில்லை. எனக்கு என் தம்பியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதைக் கடையில் நின்று சொல்ல முடியவில்லை. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பெருந்துறை

குமார்தான் கதவைத் திறந்தான். முன்தலை வழுக்கையாகியிருந்தது. அப்பாவின் நெற்றி அப்படியே வந்திருந்தது.

"வாங்ணா," என்றான், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவனிடம் சொல்வது மாதிரி. "சாப்பிட்டீங்ளா?"

"ஆச்சு," என்றேன். ஆகவில்லை.

வீடு முழுக்கக் காலியாகிக்கொண்டிருந்தது. கூடத்தில் நாலு பெட்டிகள் வாயைத் திறந்து கிடந்தன. கையில் பிடித்துத் தொங்கவிடும் தராசை வைத்துக்கொண்டு வித்யா ஒவ்வொரு பெட்டியாக எடை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ, அதற்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். "வாங்க மாமா," என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

உட்கார்ந்தோம். அங்கே குளிரா என்று கேட்டேன். இப்பக் குளிருதானுங் என்றான். அதற்குள் அவனுக்குப் போன் வந்தது. கடைசி லேத்தை வாங்கிப் போன சேலத்துக்காரர்.

"பேட்டரிய மாத்துனீங்ளா? ஒரு வாரம் கரண்ட் இல்லாம வெச்சா எப்புடிங் புரோகிராம் இருக்கும்? இல்லீங், ஒண்ணும் பண்ண முடியாது, மறுக்கா ஏத்தத்தான் வேணும். எங்கிட்ட ஒரு காப்பி இருக்குது, அனுப்பறனுங்." போனை வைத்துவிட்டு, "தெனம் ஒருத்தருக்கு இதே பாட்டுங்ணா," என்றான்.

நான் பையிலிருந்து கேம் பெட்டியை எடுத்து டீப்பாயில் வைத்தேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

"மோட்டார் விசயத்துல நான் பண்ணுனது தப்பு குமாரு," என்றேன். "இதப் பிரிச்சதும் தப்பு."

அவன் எழுந்து போய் மூன்றாவது பெட்டிக்கு முன்னால் குந்தினான். ஸ்வெட்டருக்குக் கீழே கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்பு மூடி அப்படியே பளபளவென்று இருந்தது.

"இதையா ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போற?"

"ஆமாங்ணா. நம்ம ஆட்டம் இதுலதான இருக்குது."

செலினின் நகம் அந்தக் கறுப்புச் சிப்பைத் தொட்டது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சரியான விஷயம் தெரிந்தால் உடனே சொல்லிவிடுகிறவன் நான். தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

"ஆமாமா," என்றேன். "அதுலதான் இருக்குது."

டிவியை மாலையில் எதிர்வீட்டுக்காரர் எடுத்துப் போக வருவதாக இருந்தது. அதற்குள் பார்த்துவிடலாம் என்று ஒயர்களை மாட்டினோம். குமார் சின்னக் கதவைத் திறந்து டப்பாவைச் செருகினான். சுவிட்சைப் போட்டேன். கடல் சத்தம் வந்தது. மூன்று மலையும் வந்தன. சேவ் பண்ணிய இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்தும், பக்கத்தில் நூறும் இருந்தன.

"பாத்தீங்ளாண்ணா. பத்திரமா வெச்சிருந்தேன்."

"வெச்சிருந்தே சாமி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். ஆளுக்குக் கொஞ்ச நேரம் தீவைச் சுற்றினோம். அவன் தண்ணீரில் இறங்கினான், நான் பாறை ஏறி மூன்று தடவை விழுந்தேன். கடைசியில் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தொறந்தரலாமுங்ளா?"

"நீ திரும்பி வந்தப்பறம் பாத்துக்கலாம்," என்றேன்.

சுவிட்சை அணைத்தான். டப்பாவை நெம்பி எடுத்து என் கையில் வைத்தான். "நீங்களே வெச்சுக்கங்ணா. ஒண்ணா இருக்கட்டும்."

கேம் பெட்டியை என் பைக்குள் போட்டேன். டப்பாவைத் திரும்ப அவன் கையில் கொடுத்தேன். "நீ எடுத்துட்டுப் போ. ஆட்டம் உங்கிட்ட இருக்கட்டும். மெஷின் எங்கிட்ட இருக்கட்டும்."

அன்றைக்கு மாமாவுக்கு முன்னால் வைத்த அதே பங்குதான். நான் இல்லாமல் அவனுக்கு ஓடக் கூடாது என்றுதான் இப்போதும் வைத்தேன். ஆனால் இப்போது அவன் வர வேண்டும் என்பதற்காக.

அவன் டப்பாவைத் துணியில் சுற்றி ஸ்வெட்டருக்குக் கீழே வைத்தான். வித்யா தராசில் தூக்கினாள். இருபத்து மூன்றுக்கு ஒரு புள்ளி மேலே காட்டியது. டப்பா ஐம்பது கிராம் இருந்தால் அதிகம். குமார் பெட்டிக்குள் பார்த்து, அரைக் கிலோ பருப்புப் பொடிப் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தான். வித்யாவின் அம்மா இடித்துக் கொடுத்தது. வித்யா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

செங்கப்பள்ளி

திரும்பும்போது விஜயமங்கலம் தாண்டி வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சேலத்துக்காரரின் போன் ஞாபகத்துக்கு வந்தது. செங்கப்பள்ளியில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, டீ சொல்லிவிட்டு, தம்பியைக் கூப்பிட்டேன். பதினைந்து வருஷத்தில் நான் அவனுக்குப் போட்ட முதல் போன். நம்பரைக் கோமதியிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"சொல்லுங்ணா."

"உன்ற மெஷின்ல பேட்டரி போனா என்னாகும் குமாரு?"

"புரோகிராம் பூராப் போயிருமுங்ணா. ஒண்ணும் தங்காது."

"அந்த செவப்பு டப்பால பேட்டரி இருக்குதா?"

அந்தப் பக்கம் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இல்லீங்ணா."

"அதுல ஆட்டம் தங்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் மெஷின் வாங்குன வருசமேங்."

"அப்பறம் எதுக்குடா இத்தன வருசம் துணில சுத்தி வெச்சிருந்தே?"

"நீங்க டீக்கடைல நிக்கறாப்புல இருக்குதுங்ணா. சக்கரை போடாமக் குடிங்க. பாத்துப் போங்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. சர்க்கரை போட்டே குடித்தேன். வண்டிக்குத் திரும்பி வந்து பார்த்தால், பருப்புப் பொடிப் பாட்டில் பின்சீட்டில் இருந்தது. அவன் எப்போது கொண்டுவந்து வைத்தான் என்று தெரியவில்லை. உருண்டுவிடாமல் இருக்க அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தான்.